கொதிக்காத ஐஸ் டீ

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிட வேலை. காலையில் வடிகட்டினால் ஒரு லிட்டர் ஐஸ் டீ தயார். நல்ல தேயிலையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, பல மணி நேரம் ஊறவிடப் போகிறோம். டீயைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஐஸ் போடுவது வேறு வேலை. அதன் ருசியும் வேறு.

கொதிநீர் தேயிலையின் துவர்ப்பையும் கசப்பையும் சில நிமிடங்களில் இழுத்துவிடும். குளிர்ந்த நீர் அவற்றைக் குறைவாகத்தான் இறக்கும். ஆனால் தேயிலைக்கே உரிய மென்மையான இனிப்புச் சுவையை நன்றாக வாங்கிக்கொள்ளும். அதனால் இந்த டீ தொண்டையைப் பிடிக்காது, கலங்காது, சர்க்கரையும் அதிகம் கேட்காது. இதற்கு மேல் வேதியியல் நமக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண டீயில் கொதிநீர் இரண்டு வேலை செய்கிறது: சாறு இறக்குகிறது, கிருமியையும் கொல்கிறது. இங்கே முதல் வேலையை நேரம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது வேலை உங்கள் தலையில். கீழே ஜாடியைக் கழுவு, தண்ணீரைக் காய்ச்சு, ஃப்ரிட்ஜில் வை என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

எந்தத் தேயிலை?

மளிகைக் கடையில் நாம் வாங்கும் டீத்தூளில் பெரும்பாலானது சி.டி.சி. ரகம். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கியது. பால் விட்டுக் கொதிக்கவைப்பதற்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் குளிர்ந்த நீரில் அது சட்டென்று நிறம் விட்டு, அடியில் மண்டி கட்டும். தூளில் ஒரு பங்கு வடிகட்டியைத் தாண்டி டம்ளருக்குள் வந்துவிடும். ரேஷன் கடை டீத்தூள், டீக்கடை டஸ்ட் எல்லாமே இந்தக் கணக்குதான்.

நமக்கு வேண்டியது ஆர்த்தடாக்ஸ் தேயிலை. இலையை வாட்டி, முறுக்கி, நிறம் மாறவிட்டு உலர்த்துவார்கள். இலை பெரும்பாலும் இலையாகவே இருக்கும். நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தொழிற்சாலைகளில் நல்ல ஆர்த்தடாக்ஸ் தயாராகிறது. ஆறினாலும் கலங்காமல் தெளிவாக இருக்கும் என்று பெயர் எடுத்தது நீலகிரித் தேயிலை. அமெரிக்காவில் ஐஸ் டீக் கலவைகளுக்கு அதை விரும்பி வாங்குகிறார்கள். நம் மலையில் விளைவது அங்கே ஐஸ் டீ ஆகிறது. மலைக்குக் கீழே இருக்கும் நாமோ கடையில் எலுமிச்சை வாசனை போட்ட பொடியை வாங்கிக் கரைத்துக்கொண்டிருக்கிறோம்.

பாக்கெட்டில் பார்க்க வேண்டியவை:

- 'ஆர்த்தடாக்ஸ்' என்ற சொல் இருக்க வேண்டும். 'ஓ.பி.', 'எஃப்.ஓ.பி.' என்று இருந்தால் பெரிய இலை, 'பி.ஓ.பி.' உடைந்த இலை. மூன்றும் சரி. 'டஸ்ட்' வேண்டாம்.
- பேக் செய்த தேதி. ஓராண்டு தாண்டியதை விட்டுவிடுங்கள். கொதிநீர் பழைய தேயிலையின் சோர்வை ஓரளவு மறைத்துவிடும்; குளிர்நீர் மறைக்காது.
- 'வின்டர்', 'ஃப்ராஸ்ட்' என்று போட்டிருந்தால் அது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறித்த இலை. குளிரில் செடி மெதுவாக வளர்வதால் வாசனை தூக்கலாக இருக்கும். விலையும் அப்படித்தான். முதல் முறைக்கு இது தேவையில்லை. கை பழகியபின் வாங்குங்கள்.

இலங்கைத் தேயிலை கிடைத்தால் நுவரெலியா ரகம் இந்த முறைக்கு நன்றாகப் பொருந்தும். நிறம் வெளிறியிருக்கும், மணம் இருக்கும். கிரீன் டீயும் அருமையாக வரும். ஜப்பானியர்கள் தங்கள் சென்ச்சா தேயிலையைக் கோடையில் இப்படிக் குளிர்நீரில் ஊறவைத்துக் குடிப்பது வழக்கம். சூடாகக் குடிக்கும்போது கிரீன் டீ கசக்கிறது என்று ஒதுக்கியவர்கள் குளிர்நீரில் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

டீ பேக் தவிர வேறு வழி இல்லையா? லிட்டருக்கு ஐந்து பேக் போடுங்கள். குடிக்கும்படி வரும்; கொண்டாடும்படி வராது.

*சாயச் சோதனை:* உதிரியாக வாங்கிய தேயிலை என்றால் சாயம் கலந்ததா என்று பார்த்துவிடுவது நல்லது. வெள்ளை வடிதாளில் கொஞ்சம் தேயிலையைப் பரப்பி, தாள் நனையும் அளவு தண்ணீர் தெளியுங்கள். உடனே கறை பிடித்து, தேயிலையைத் தட்டிவிட்டுக் குழாய் நீரில் அலசிய பிறகும் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் கறை தெரிகிறதா? அந்தத் தேயிலை வேண்டாம்; சூடான டீக்கும் வேண்டாம்.

தண்ணீர்

இந்த டீயில் தேயிலை ஒரு சதவீதம், மீதி தண்ணீர். போர் தண்ணீரில் செய்தால் நிறம் மங்கி, மேலே மெல்லிய ஆடை படியும். உப்புக்கரிப்பு மணத்தை அமுக்கிவிடும். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் வாசம் இருந்தால் டீயிலும் அதே வாசம் வரும். ஆர்.ஓ. தண்ணீர், நல்ல கேன் தண்ணீர் இரண்டும் சரி. சிறுவாணித் தண்ணீர் குழாயில் வரும் கோவைக்காரர்களுக்கு இந்தப் பத்தியே தேவையில்லை.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஒருமுறை தளதளவென்று கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் குளிரவைத்த பிறகே பயன்படுத்துங்கள். கேன் தண்ணீருக்கும் இதே விதி. கேன் திறந்து எத்தனை நாள் ஆயிற்று, குழாயை யார் கை தொட்டது என்று யாருக்கும் தெரியாது. காய்ச்சுவதால் குளோரின் வாசமும் போய்விடும்.

பாத்திரங்கள்

- ஒன்றேகால் அல்லது ஒன்றரை லிட்டர் கண்ணாடி ஜாடி. வாய் அகலமாக, கை உள்ளே போகும்படி இருக்க வேண்டும். கழுத்து ஒடுங்கிய பாட்டிலைச் சரியாகக் கழுவ முடியாது.
- வடித்த டீயை ஊற்றி வைக்க மூடியுள்ள இன்னொரு பாட்டில் அல்லது ஜாடி.
- மெல்லிய கண்ணுள்ள ஸ்டீல் வடிகட்டி. அதன்மேல் விரிக்க வெள்ளைப் பருத்தித் துணி. புதுத் துணியில் கஞ்சி இருக்கும். சோப்புப் போட்டு அலசி, வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்தி எடுத்து வையுங்கள். இந்தத் துணியை வேறு எதற்கும் தொடக்கூடாது.
- சமையலறைத் தராசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் டீஸ்பூன்.

கண்ணாடி ஜாடி இல்லையென்றால் இறுக மூடும் எவர்சில்வர் தூக்கு போதும். செம்பு, பித்தளை வேண்டாம். எலுமிச்சை சேரும்போது உலோகம் டீயில் கரையும். ஊறுகாய் ஜாடியை எவ்வளவு தேய்த்தாலும் மூடியின் ரப்பர் வளையத்தில் பெருங்காயமும் எண்ணெயும் ஒளிந்திருக்கும். வளையத்தைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். சந்தேகமாக இருந்தால் வேறு ஜாடி எடுங்கள்.

அளவும் நேரமும்

ஒரு லிட்டருக்கு 10 கிராம் தேயிலை. உடைந்த இலை என்றால் தலைதட்டி ஐந்து டீஸ்பூன். முழு இலை உப்பலாக இருக்கும். ஆறேழு டீஸ்பூன் பிடிக்கும். ஸ்பூன் கணக்கு ரகத்துக்கு ரகம் மாறும் என்பதால்தான் தராசு நல்லது என்றேன்.

ஃப்ரிட்ஜுக்குள் ஊறும் நேரம்:

- ஆர்த்தடாக்ஸ் கறுப்புத் தேயிலை: 8 முதல் 10 மணி நேரம்
- கிரீன் டீ: 4 முதல் 6 மணி நேரம்
- ஊலாங்: 8 மணி நேரம்
- வெள்ளைத் தேயிலை: 10 முதல் 12 மணி நேரம்
- சி.டி.சி. தவிர வேறில்லை என்றால்: 8 கிராம் போட்டு 4 மணி நேரம்

செய்முறை

1. ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் எடுத்து, கொப்பளித்துக் கொதித்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். மூடி ஆறவைத்து, நான்கு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் குளிரவிடுங்கள். காலையிலேயே இதை முடித்துவிட்டால் இரவு வேலை சுலபம்.

2. ஜாடி, மூடி, ஸ்பூனைச் சோப்புப் போட்டுக் கழுவி வெந்நீரில் அலசுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீரை நேராக ஊற்றினால் விரிசல் விடும். முதலில் வெதுவெதுப்பான நீர், பிறகு சூடான நீர். அலசியபின் கவிழ்த்து வைத்துத் தானாக வடியவிடுங்கள். அடுப்படித் துணியால் உட்புறத்தைத் துடைத்தால் செய்த வேலை வீண்.

3. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உலர்ந்த ஸ்பூனால் 10 கிராம் தேயிலையை அளந்து ஜாடியில் போடுங்கள். ஈர ஸ்பூன் தேயிலை டப்பாவுக்குள் போகக்கூடாது.

4. ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரை மட்டும் முதலில் ஊற்றி, ஜாடியை மெல்லச் சுழற்றுங்கள். எல்லா இலையும் நனையட்டும். ஒரே மூச்சில் லிட்டர் தண்ணீரையும் கொட்டினால் காய்ந்த இலைகள் மேலே மிதந்து, விடிந்த பிறகும் பாதி நனையாமலே கிடக்கும்.

5. ஒரு நிமிடம் பொறுத்து மீதித் தண்ணீரை ஊற்றுங்கள். மேலே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும்.

6. மூடியை இறுக்கி, ஜாடியை ஒருமுறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்க வேண்டாம், இலை நொறுங்கிக் கலங்கல் வரும்.

7. வைத்த நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதி ஜாடியில் ஒட்டுங்கள். 'நேற்று ராத்திரி வைத்ததா, முந்தாநாள் வைத்ததா?' என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும்.

8. ஃப்ரிட்ஜின் உள் தட்டில், பின்பக்கமாக வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம். திறக்கும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும். இட்லி மாவுக்கும் வெட்டிய வெங்காயத்துக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். டீ வாசனையை இழுக்கும். மூடி சரியில்லாவிட்டால் காலையில் புளித்த மாவு வாசம் வீசும்.

9. எட்டு மணி நேரம் கழித்து ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். முறுக்கிக் கிடந்த இலைகள் விரிந்து, நரம்பு தெரிய அடியில் படிந்திருக்கும். அசைக்காமல் வைத்திருந்தால் அடியில் அடர்ந்தும் மேலே வெளிறியும் நிறம் இரண்டாகத் தெரியும். ஒருமுறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் ஒன்றாகக் கலந்து தேன் நிறத்துக்கு வரும். சுத்தமான ஸ்பூனால் எடுத்து ருசி பாருங்கள். ருசி பார்த்த ஸ்பூன் மறுபடி ஜாடிக்குள் போகக்கூடாது. போதவில்லையென்றால் இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். கறுப்புத் தேயிலைக்கு 12 மணி நேரம்தான் எல்லை.

10. இரண்டாவது பாட்டில், வடிகட்டி, துணி மூன்றையும் வெந்நீரில் அலசி வடித்துக்கொள்ளுங்கள். துணி விரித்த வடிகட்டியில் டீயை ஊற்றி, தானாக இறங்கவிடுங்கள். துணியைப் பிழிய வேண்டாம். இவ்வளவு நேரம் இலைக்குள் அடங்கியிருந்த துவர்ப்பு பிழியும்போது வந்துவிடும்.

11. வடித்த டீயை மூடி உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாளுக்குள் குடித்து முடியுங்கள். இலை உறிஞ்சிக்கொள்வதால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். ஐஸோடு ஐந்தாறு டம்ளர் வரும்.

*சக்கையை எறியாதீர்கள்.* வடித்த கையோடு அந்த இலைகளில் கொதிநீர் ஊற்றி நான்கு நிமிடம் விட்டால் லேசான சூடு டீ கிடைக்கும். குளிர்நீர் விட்டுவைத்த துவர்ப்பு இதில் இறங்கும். அதன் பிறகு சக்கை ரோஜாச் செடிக்கு.

ஐஸ்

ஐஸும் குடிக்கும் பொருள்தான். டீக்குக் காய்ச்சிய தண்ணீரையும் ஐஸுக்குக் குழாய்த் தண்ணீரையும் பயன்படுத்துபவர்கள் நிறைய உண்டு. ஐஸ் தட்டிலும் காய்ச்சி ஆறிய நீரையே ஊற்றுங்கள். மீன், இறைச்சி வைக்கும் ஃப்ரீசர் என்றால் ஐஸ் தட்டுக்கு மூடி அவசியம். மீன் கடைகளுக்குப் போகும் பார் ஐஸ் எந்த நிலையிலும் வேண்டாம்.

டீயே ஃப்ரிட்ஜிலிருந்து வருவதால் டம்ளருக்கு மூன்று கட்டி போதும். உருக உருக நீர்த்துப் போவது பிடிக்காதவர்கள், வடித்த டீயில் ஒரு பங்கை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளலாம். வெயில் நேரத்தில் மெல்லக் குடிப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

இனிப்பு

முதல் டம்ளரை இனிப்பில்லாமல் குடித்துப் பாருங்கள். அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் பாகு செய்துகொள்ளுங்கள். குளிர்ந்த டீயில் சர்க்கரை எளிதில் கரையாது; அடியில் தங்கி, கடைசி வாய் மட்டும் திகட்டும்.

ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். கம்பிப் பதம் தேவையில்லை. ஆறியதும் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். 200 மி.லி. டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் போதும்.

பனங்கற்கண்டுப் பாகு கறுப்புத் தேயிலையோடு மிக நன்றாகச் சேரும். கருப்பட்டியும் சேரும், ஆனால் அளவாக; கொஞ்சம் கூடினாலும் டீயின் வாசனை போய்க் கருப்பட்டித் தண்ணீர் ஆகிவிடும். இரண்டிலும் மண்ணும் தூசியும் இருக்கும் என்பதால் பாகைச் சூட்டோடு துணியில் வடிகட்டுங்கள். தேன் குளிர்ந்த டீயில் கலக்காமல் அடியில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

வீட்டில் நன்னாரி சிரப் இருந்தால் தனியாகப் பாகு காய்ச்ச வேண்டாம். டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் நன்னாரி, நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு, மீதி கறுப்பு டீ. கிரீன் டீயில் போட்டால் நன்னாரி வாசம் மட்டுமே மிஞ்சும்.

எலுமிச்சை, புதினா, இஞ்சி

எலுமிச்சையை வட்டமாக நறுக்கி ஜாடியில் போட்டு இரவு முழுதும் ஊறவிடுவது பார்க்க அழகாக இருக்கும். தோலுக்கும் சுளைக்கும் நடுவிலுள்ள வெள்ளைப் பகுதி கசப்பை விட்டுவிடும். குடிக்கும் நேரத்தில் டம்ளரில் பிழியுங்கள். பிழிந்ததும் டீயின் நிறம் வெளிறும். அது எலுமிச்சைப் புளிப்பின் வேலை, பயப்பட வேண்டாம்.

புதினாவைத் தண்டு நீக்கி, பல தண்ணீரில் அலசி, கடைசியாகக் காய்ச்சி ஆறிய நீரில் ஒருமுறை அலசுங்கள். நாலைந்து இலைகளை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி டம்ளரில் போட்டால் போதும். கசக்கினால் பச்சை வாடை வரும். துளசி, எலுமிச்சைப் புல்லுக்கும் இதே சுத்தம் தேவை. மண்ணுக்குப் பக்கத்தில் வளரும் எதையும் இரவு முழுதும் பச்சையாக ஊறப்போட வேண்டாம். இஞ்சி வேண்டுமென்றால் தட்டிச் சர்க்கரைப் பாகோடு கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். இஞ்சிப் பாகு தயார்.

பால்? இந்த டீக்குப் பால் ஆகாது. சன்னமான டீயில் பால் ஊற்றினால் நீர்த்த பால்தான் தெரியும். எலுமிச்சையும் சேர்ந்தால் திரிந்துவிடும். தண்ணீருக்குப் பதில் இளநீரில் ஊறவைக்கலாமா என்றும் கேட்பார்கள். வேண்டாம். வெட்டிய இளநீர் சீக்கிரம் கெடும். எட்டு மணி நேரம் அதற்கு அதிகம்.

சரியாக வரவில்லையா?

*சப்பென்று இருக்கிறது.* தேயிலை பழசு, அல்லது அளவு குறைவு. அடுத்த முறை 12 கிராம் போடுங்கள். நேரத்தை நீட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். நேரம் கூடக்கூட மணம் கூடாது, துவர்ப்புதான் கூடும்.

*கசக்கிறது.* கிரீன் டீயைக் காலைவரை விட்டிருப்பீர்கள், அல்லது துணியைப் பிழிந்திருப்பீர்கள். எலுமிச்சைத் துண்டு உள்ளே கிடந்ததா என்றும் பாருங்கள்.

*கலங்கலாக இருக்கிறது.* வடித்த உடனே கலங்கல் என்றால் தூள். துணியை இரண்டாக மடித்து மறுபடி வடிகட்டுங்கள். தெளிவாக இருந்த டீ அடுத்த நாள் கலங்கினால் அது கெட ஆரம்பித்துவிட்டது. கொட்டிவிடுங்கள்.

*ஆடை படிகிறது, நிறம் கறுத்திருக்கிறது.* தண்ணீரைக் கவனியுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

ஜாடியை மொட்டை மாடி வெயிலில் வைத்து ஊறவிடுவது ஒரு முறையாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் அதற்கு 'சன் டீ' என்று பெயர். பார்க்கச் சூடாகத் தெரிந்தாலும் வெயிலில் வைத்த தண்ணீர் கிருமி சாகும் சூட்டை எட்டாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெயில் ஜாடி மணிக்கணக்கில் அங்கேயே கிடக்கும். நம் ஊர் வெயில் நல்ல வெயில் என்பதால் விதி மாறாது.

மண்பானையும் இதற்கு ஆகாது. பானைத் தண்ணீர் நாக்குக்குச் சில்லென்று இருக்கும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரி எங்கே, பானை எங்கே. பானையின் நுண்துளைகளுக்குள் தேங்கியதைக் கழுவி எடுக்கவும் முடியாது. சமையல் மேடையில் இரவு முழுதும் வைப்பதும் அதே கதைதான்.

மின்வெட்டு வந்தால் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். திறக்காத ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். அதற்கு மேல் மின்சாரம் இல்லையென்றால் ஊறிக்கொண்டிருக்கும் டீ போனதுதான். 10 கிராம் தேயிலைக்காக வயிற்றைப் பணயம் வைக்க வேண்டாம்.

வெளியே எடுத்த டீ இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் நிற்கக்கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய வெயில் நாளில், அதாவது நம் கோடை முழுவதும், ஒரு மணி நேரம்தான்.

புளித்த வாடை, நுரை, ஊற்றும்போது நூல் விடுகிற வழவழப்பு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ருசி பார்க்காமல் கொட்டுங்கள். இவை எதுவும் இல்லாமலே டீ கெட்டிருக்கவும் கூடும். அதனால்தான் இரண்டு நாள் கணக்கு.

யாருக்கு வேண்டாம்?

கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், மிகவும் முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கொதிக்காத டீயைத் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்கு ஐஸ் டீ ஆசை இருந்தால் கீழே உள்ள அவசர முறையில் செய்துகொடுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் காஃபின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குளிர்நீர் டீயில் காஃபின் குறையலாம், இல்லாமல் போகாது. சாயங்காலத்துக்கு மேல் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று டீயைத் திட்டாதீர்கள்.

ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதை டீ தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும்.

அவசர முறை

விருந்தாளி வாசலில் நிற்கிறார், எட்டு மணி நேரம் இல்லை. அரை லிட்டர் கொதிநீரில் 10 கிராம் ஆர்த்தடாக்ஸ் தேயிலை போட்டு மூடி, நான்கு நிமிடத்தில் வடிகட்டுங்கள். பாகைச் சூட்டிலேயே கலந்துவிடுங்கள். பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் அரை கிலோ ஐஸ் நிரப்பி, அதன்மேல் இந்த டீயை ஊற்றுங்கள். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், வெடிக்கும்.

இது சில சமயம் பால் கலந்ததுபோல் மங்கும். சூட்டில் இறங்கிய துவர்ப்புப் பொருளும் காஃபினும் குளிரில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதால் வரும் மங்கல். கெட்டதற்கு அடையாளம் அல்ல. கொஞ்சம் கொதிநீர் சேர்த்தால் தெளியும்.

கூட்டத்துக்குச் செய்யும்போது

இருபது பேருக்கு நான்கு லிட்டர் வேண்டும். நான்கு லிட்டரையும் ஒரே அண்டாவில் ஊறவைக்காதீர்கள். அவ்வளவு தண்ணீர் குளிர வெகுநேரம் ஆகும், ஃப்ரிட்ஜிலும் நுழையாது. ஒன்றரை லிட்டர் ஜாடிகள் மூன்றில் பிரித்து, ஏற்கெனவே குளிர்ந்த தண்ணீரையே ஊற்றுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் வையுங்கள், ஒரே நேரத்தில் வடிகட்டுங்கள். பரிமாறும்போது ஒரு ஜாடியை மட்டும் வெளியே எடுங்கள். அது தீர்ந்த பிறகு அடுத்தது. பாகு, எலுமிச்சை, புதினா தனித்தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். சர்க்கரை நோயாளி ஒருவராவது எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். ஜாடியிலேயே இனிப்பைக் கலந்துவிட்டால் அவருக்குப் பச்சைத் தண்ணீர்தான் கிடைக்கும். டம்ளரில் ஊற்றி மிஞ்சியதை மறுபடி ஜாடியில் சேர்க்காதீர்கள்.